விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் லினக்ஸ்: திரை வெளிச்சம் சொன்னபடி கேட்காவிட்டால்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. வைஃபை வரும், ஒலி வரும், டச்பேட் வேலை செய்யும். அப்புறம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க உட்காரும்போதுதான் திரை முழு வெளிச்சத்தில் கண்ணைக் குத்துவது தெரியும். சூரியன் படம் போட்ட விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது.

தயாரிப்பாளரைக் கேட்டுப் பயன் இருக்காது. அந்த மாடலுக்கு அவர்கள் சோதித்துப் பார்த்தது விண்டோஸ் மட்டும்தான். ஆனாலும் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒரே ஒரு வரியில் சரியாகிவிடும். எந்த வரி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இணையத்தில் தேடினால் பத்து வருடத்துக்கு முந்தைய கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய வைத்தியம்தான் முதலில் வந்து நிற்கும். அதை அப்படியே ஒட்டி, அது பலிக்காமல் இன்னொன்றை ஒட்டி, கடைசியில் எதை எங்கே மாற்றினோம் என்றே தெரியாமல் போய்விடும். எனவே எதையும் ஒட்டுவதற்கு முன் கோளாறு எந்த இடத்தில் என்று பார்த்துவிடுவோம்.

இங்கே லினக்ஸ் மின்ட், அதன் சின்னமன் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களின் இடம் மட்டும் கொஞ்சம் மாறும். கட்டளைகளைப் போனில் ஒருவர் சொல்ல மற்றவர் தட்டும் முறையில், ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. 'ஸ்பேஸ்' என்று சொன்ன இடத்தில் மட்டும்தான் இடைவெளி. அண்டர்ஸ்கோர், ஹைபன், டாட், ஸ்லாஷ், ஈக்குவல் என்பவை அந்தந்தக் குறிகள்.

விசை முதல் விளக்கு வரை

நீங்கள் விசையை அழுத்தியதும் நடப்பவை மூன்று. விசை அழுத்தப்பட்ட செய்தி கர்னலுக்குப் போக வேண்டும். டெஸ்க்டாப் அதை வாங்கி, 'வெளிச்சத்தை இவ்வளவு குறை' என்று ஒரு எண்ணை எழுத வேண்டும். அந்த எண்ணைக் கிராஃபிக்ஸ் டிரைவரோ லேப்டாப்பின் ஃபர்ம்வேரோ (தயாரிப்பாளர் லேப்டாப்புக்குள்ளேயே பதித்து வைத்த மென்பொருள்) எடுத்து, திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

சிக்கல் அதிகம் வருவது மூன்றாவது இடத்தில். அதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் வெளிச்சத்தை ஃபர்ம்வேர் பார்த்துக்கொண்டது. இயங்குதளம் ஏசிபிஐ (இயங்குதளமும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கேட்டால் போதும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்தப் பொறுப்பு கிராஃபிக்ஸ் டிரைவருக்கு மாறியது. அதன் பிறகு வந்த பல லேப்டாப்களில் ஃபர்ம்வேரின் பழைய வழி பெயருக்கு இருக்கும், ஆனால் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'நீ விண்டோஸ் 2012-ஐ அறிவாயா' என்று ஃபர்ம்வேர் கேட்டால் லினக்ஸ் கர்னலும் 'ஆம்' என்றுதான் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டதும் சில ஃபர்ம்வேர்கள் தங்கள் வெளிச்சக் கட்டுப்பாட்டை அப்படியே கைகழுவிவிடும். அந்த நேரத்தில் டெஸ்க்டாப் பழைய வழியையே நம்பி எண்ணை எழுதிக்கொண்டிருந்தால் திரை எப்படி மாறும்?

தொடுவதற்கு முன்

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற செயலி கூடவே வருகிறது. அதைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிடுங்கள். ஏதாவது கெட்டால் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவில் பூட் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்தப் பென்டிரைவை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சோதிக்கும்போது வெளிச்சத்தைப் பூஜ்யம் ஆக்க வேண்டாம். சில டிரைவர்களில் பூஜ்யம் என்றால் மங்கல் இல்லை, விளக்கே அணைந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் பதறாதீர்கள். கைபேசி டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விளக்கு மட்டும்தான் இல்லை. ஓஎல்இடி திரையில் இந்த வித்தை பலிக்காது. அதில் பின்விளக்கு என்று தனியாக ஒன்று கிடையாது.

எங்கே அறுந்திருக்கிறது?

பேனலில் பேட்டரி ஐகானைக் கிளிக் செய்யுங்கள். வெளிச்சத்துக்கான ஸ்லைடர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை மவுஸால் இழுங்கள். அடுத்து விசைப்பலகையில் வெளிச்ச விசைகளை அழுத்தி, திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் சின்னப் பட்டை தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

ஸ்லைடரே இல்லை என்றால், வெளிச்சத்தை மாற்றக்கூடிய எதையும் கர்னல் கண்டுபிடிக்கவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்லைடர் இருக்கிறது, நகர்கிறது, பட்டையும் தோன்றுகிறது, ஆனால் திரை மாறவில்லை என்றால் எண் தவறான இடத்தில் எழுதப்படுகிறது. இதுதான் அடிக்கடி பார்ப்பது.

ஸ்லைடரை இழுத்தால் வெளிச்சம் மாறுகிறது, விசைக்கு மட்டும் அசைவில்லை என்றால் கோளாறு விசையில். பூட் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் சொற்கள்) கைவைக்கவே தேவையில்லை. நேராக விசைகள் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

டிரைவர் ஏறியிருக்கிறதா?

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பென்டிரைவில் இருந்து பூட் ஆகும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டால், மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவச் சொல்வார்கள். அந்த மோட் 'நோமோட்செட்' என்ற சொல்லைக் கர்னலுக்குக் கொடுக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காதே என்று அதற்குப் பொருள். நிறுவுவதற்கு அது உதவும். ஆனால் அது சில சமயம் நிறுவிய சிஸ்டத்திலும் ஒட்டிக்கொண்டுவிடும். டிரைவர் இல்லாமல் வெளிச்சமும் மாறாது, வீடியோவும் திக்கித் திணறும்.

டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து இதைத் தட்டுங்கள்:

கேட் (சி, ஏ, டி) ஸ்பேஸ் ஸ்லாஷ் ப்ராக் (பி, ஆர், ஓ, சி) ஸ்லாஷ் சிஎம்டிலைன்

இந்த முறை கர்னலுக்கு என்னென்ன சொல்லிப் பூட் செய்தார்கள் என்பது ஒரே வரியில் வரும். அதில் நோமோட்செட் இருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. பின்னால் சொல்லும் கிரப் (பூட் மெனுவைக் காட்டும் நிரல்) ஃபைலில் அந்தச் சொல்லை நீக்குங்கள். நீக்கினால் பூட் ஆகும்போது மறுபடி கறுப்புத் திரை வருகிறதா? அநேகமாக என்விடியா கார்டு இருக்கும். நோமோட்செட்டோடு உள்ளே போய், டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவிவிட்டுப் பிறகு அந்தச் சொல்லை எடுங்கள். ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ரெக்கவரி மோடில் பூட் செய்தாலும் நோமோட்செட் சேர்ந்தே வரும். அங்கே நின்று வெளிச்சத்தைச் சோதித்துப் பயனில்லை.

நோமோட்செட் இல்லை, ஆனாலும் ஸ்லைடரைக் காணோம் என்றால்: இன்க்ஸி (ஐ, என், எக்ஸ், ஐ) ஸ்பேஸ் ஹைபன் பெரிய எழுத்து ஜி. இதில் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு எந்த டிரைவர் என்று வரும். இன்டெல் என்றால் ஐ915, புதியவற்றில் எக்ஸ்இ. ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு, மிகப் பழையவற்றில் ரேடியான். டிரைவர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று காட்டினால், உங்கள் லேப்டாப் கர்னலைவிடப் புதியது என்று பொருள். அப்டேட் மேனேஜரில் 'வியூ' மெனுவுக்குள் 'லினக்ஸ் கர்னல்ஸ்' என்று ஒன்று உண்டு. அங்கே இருப்பதில் புதியதை நிறுவிப் பாருங்கள். பழைய கர்னல் அழியாது. ஒத்துவராவிட்டால் பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழையதற்கே திரும்பலாம்.

பேக்லைட் ஃபோல்டர்

நோயைக் கண்டுபிடிக்கிற இடம் இதுதான், அவசரப்படாமல் பாருங்கள். ஃபைல் மேனேஜரைத் திறந்து கன்ட்ரோலோடு எல் விசையை அழுத்தினால் முகவரி தட்ட இடம் வரும். அதில்: ஸ்லாஷ் சிஸ் (எஸ், ஒய், எஸ்) ஸ்லாஷ் கிளாஸ் ஸ்லாஷ் பேக்லைட். என்டர் அடியுங்கள்.

திறக்கும் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு வெளிச்சக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். 'இன்டெல் அண்டர்ஸ்கோர் பேக்லைட்' என்றோ, 'ஏஎம்டிஜிபியு அண்டர்ஸ்கோர் பிஎல்' என்று தொடங்கி ஒரு எண்ணோடோ இருந்தால் அது கிராஃபிக்ஸ் டிரைவர் கொடுப்பது. 'ஏசிபிஐ அண்டர்ஸ்கோர் வீடியோ0' என்றால் ஃபர்ம்வேர் கொடுப்பது. திங்க்பேட், டெல், தோஷிபா என்று தயாரிப்பாளர் பெயரோடு இருந்தால் அந்தந்தக் கம்பெனி லேப்டாப்புக்கென்று எழுதிய தனி டிரைவர் கொடுப்பது. இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள பழைய மேக்புக் ப்ரோவில் லினக்ஸ் போட்டவர்கள் 'ஜிமக்ஸ்' என்ற பெயரைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அதுதான் சரியானது.

ஒவ்வொன்றுக்குள்ளும் 'டைப்', 'பிரைட்னஸ்', 'மேக்ஸ் அண்டர்ஸ்கோர் பிரைட்னஸ்' என்ற ஃபைல்கள் இருக்கும். டைப்பைத் திறந்தால் ஃபர்ம்வேர், பிளாட்ஃபார்ம், ரா என்ற மூன்றில் ஒரு சொல் வரும். மேக்ஸ் பிரைட்னஸில் இருப்பது உச்ச அளவு. இன்டெலில் ஆயிரக்கணக்கில் போகும், ஏசிபிஐ வீடியோவில் சிறிய எண்ணாக இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், அது வெறும் அளவுகோல்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோல்டர் இருந்தால் டெஸ்க்டாப் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஃபர்ம்வேர் வகை இருந்தால் அதைத்தான், அடுத்து பிளாட்ஃபார்ம், கடைசியாகத்தான் ரா. பழைய காலத்துக்கு அது சரியான வரிசை. விண்டோஸ் 8-க்குப் பிந்தைய லேப்டாப்பில் அது பெரும்பாலும் தவறான தேர்வு. ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் வைத்து, கம்பி போகாத சுவிட்சை மட்டும் உங்கள் கைக்கு எட்டும்படி வைத்த மாதிரி.

2022 டிசம்பரில் வந்த 6.1 கர்னலில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரிய மாற்றம் செய்தார்கள். அதன்பின் ஒரு திரைக்கு ஒரு கட்டுப்பாடு மட்டும் தெரியும்படி கர்னலே முடிவு செய்கிறது. மின்ட் 21 முதலில் 5.15 கர்னலோடு வந்தது, எனவே அதில் இரண்டு ஃபோல்டர்களைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மின்ட் 22-இல் 6.8, அதில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். ஆனால் கர்னல் எடுத்த முடிவே சில விசித்திரமான லேப்டாப்களில் தவறாகிவிடுவதும் உண்டு. பழைய மின்ட்டில் நன்றாக ஓடி, புதியதுக்கு மாறியதும் வெளிச்சம் போய்விட்டது என்பவர்கள் இந்த ரகம்.

எந்தச் சுவிட்சுக்குக் கம்பி போகிறது என்று கையால் சோதிக்கலாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'பிரைட்னஸ்சிடிஎல்' என்ற சிறிய கருவியைத் தேடி நிறுவுங்கள். ஆங்கிலத்தில் பிரைட்னஸ் என்ற சொல்லோடு சி, டி, எல் என்ற மூன்றெழுத்தைச் சேர்த்தால் அதன் பெயர். பிறகு டெர்மினலில்:

சூடோ (எஸ், யு, டி, ஓ) ஸ்பேஸ் பிரைட்னஸ்சிடிஎல் ஸ்பேஸ் ஹைபன் டி ஸ்பேஸ் இன்டெல் அண்டர்ஸ்கோர் பேக்லைட் ஸ்பேஸ் செட் ஸ்பேஸ் 40%

இன்டெல் அண்டர்ஸ்கோர் பேக்லைட் என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர் வர வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் 40, பிறகு 90 என்று மாற்றிப் பாருங்கள். எதற்குத் திரை அசைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்குமே அசையவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

பூட் வரியில் ஒரு சொல்

கர்னலுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சத்தை யார் பார்க்க வேண்டும். அதற்கான சொல் 'ஏசிபிஐ அண்டர்ஸ்கோர் பேக்லைட் ஈக்குவல்' என்று தொடங்கும். ஈக்குவலுக்குப் பிறகு நேட்டிவ், வீடியோ, வெண்டர் என்று மூன்றில் ஒன்று வரும். கையால் சோதித்தபோது இன்டெல் அல்லது ஏஎம்டி ஃபோல்டருக்குத் திரை அசைந்தால் நேட்டிவ். ஏசிபிஐ வீடியோவுக்கு அசைந்தால் வீடியோ. தயாரிப்பாளர் பெயர் கொண்டதற்கு என்றால் வெண்டர். எதற்கும் அசையாதவர்கள் இதே வரிசையில் ஒவ்வொன்றாக முயலலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் போட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் போட்டு 'ஏதாவது ஒன்று பிடிக்கட்டும்' என்பது வேலைக்கு ஆகாது.

நிரந்தரமாக எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். இந்த வழியைப் பலரும் சொல்வதே இல்லை, எனக்கோ இதுதான் முதல் வழி. தவறாகப் போனால் ரீஸ்டார்ட் செய்தால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும்.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸும் கூடவே இருந்தால் கிரப் மெனு தானாக வரும். மின்ட் மட்டும்தான் என்றால் மெனு மறைந்திருக்கும். தயாரிப்பாளரின் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) இல்லாத மிகப் பழைய கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பை அதிகமாகத் தட்டிவிட்டால் 'கிரப்' என்று கறுப்புத் திரையில் கட்டளைக்குக் காத்து நிற்கும். அங்கே 'நார்மல்' என்று தட்டி என்டர் அடித்தால் மெனு திரும்பிவிடும்.

மெனுவில் முதல் வரி மீது நின்று 'இ' எழுத்தை (ஆங்கில ஐந்தாம் எழுத்து) அழுத்தினால் நிறைய வரிகள் விரியும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியைத் தேடுங்கள். அதன் கடைசிப் பக்கம் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதற்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டு, ஏசிபிஐ அண்டர்ஸ்கோர் பேக்லைட் ஈக்குவல் நேட்டிவ் என்று சேருங்கள். ஈக்குவல் குறியின் இரு பக்கமும் ஸ்பேஸ் கூடாது. எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். உள்ளே போய் ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள்.

வேலை செய்கிறதா? சரி, இப்போது நிரந்தரமாக்குவோம். டெர்மினலில்: சூடோ ஸ்பேஸ் நானோ ஸ்பேஸ் ஸ்லாஷ் இடிசி (இ, டி, சி) ஸ்லாஷ் டிஃபால்ட் ஸ்லாஷ் கிரப். திறக்கும் ஃபைலில் பெரிய எழுத்தில் 'கிரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட்' என்று இடையில் அண்டர்ஸ்கோர்களோடு ஒரு வரி இருக்கும். அதே பெயர் கடைசியில் டிஃபால்ட் இல்லாமலும் பக்கத்திலேயே இருக்கும், குழம்ப வேண்டாம். டிஃபால்ட் என்று முடிவதில் மேற்கோள் குறிக்குள் கொயட் ஸ்பிளாஷ் இருக்கும். மூடும் மேற்கோள் குறிக்கு உள்ளே, ஒரு ஸ்பேஸ் விட்டு, நம் சொல்லைச் சேருங்கள். மேற்கோளை அழித்துவிட்டால் அடுத்த படி பிழை சொல்லும். நோமோட்செட்டை நீக்க வந்தவர்களும் இதே இரண்டு வரிகளில்தான் தேட வேண்டும். கன்ட்ரோலோடு ஓ, என்டர், கன்ட்ரோலோடு எக்ஸ் அடித்துச் சேமித்து வெளியே வாருங்கள்.

ஃபைலைச் சேமித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. சூடோ ஸ்பேஸ் அப்டேட் ஹைபன் கிரப் என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் அது பூட் மெனுவில் ஏறும். பிறகு ரீஸ்டார்ட் செய்து, முன்பு சொன்ன சிஎம்டிலைன் கட்டளையால் புதிய சொல் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்டேட் கிரப் என்ற கட்டளை எல்லா லினக்ஸிலும் இல்லை. ஃபெடோராவில் அதற்கு 'கிரபி', பாப் ஓஎஸ்ஸில் 'கர்னல்ஸ்டப்' என்ற தனிக் கருவிகள் உண்டு.

'ஏசிபிஐ அண்டர்ஸ்கோர் ஓஎஸ்ஐ' என்று தொடங்கும் இன்னொரு சொல்லையும் இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். விண்டோஸ் பற்றிய கேள்விக்குக் கர்னல் சொல்லும் பதிலை மாற்றுவது அது. வெளிச்சம் சரியாகலாம், ஆனால் அந்தப் பதிலை நம்பி ஃபர்ம்வேர் செய்யும் மற்ற வேலைகளும் மாறிவிடக்கூடும். டச்பேட், தூக்க நிலை, ஃபேன் என்று எதுவாகவும் இருக்கலாம். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விசைகள்

லெனோவோ, டெல் லேப்டாப் பலவற்றில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் எஃப்என் பூட்டு (மேல்வரிசை விசைகள் எஃப்1, எஃப்2 என வேலை செய்வதா, வெளிச்சம், ஒலி மாற்றுவதா என்பது) மாறும். முதலில் அதைப் பாருங்கள், பலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். பயாஸ் செட்டிங்கிலும் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை) இது இருக்கும். லெனோவோவில் 'ஹாட்கீ மோட்', ஹெச்பியில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்ற பெயரில் தேடுங்கள்.

அதிலும் ஆகவில்லை என்றால், விசை அழுத்துவது கர்னலுக்கு எட்டுகிறதா என்று பார்க்கலாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'லிப்இன்புட் ஹைபன் டூல்ஸ்' நிறுவி, சூடோ ஸ்பேஸ் லிப்இன்புட் ஸ்பேஸ் டீபக் ஹைபன் ஈவென்ட்ஸ் என்று ஓட்டுங்கள். விசையை அழுத்தும்போது புது வரி வந்தால் செய்தி எட்டுகிறது. வரவில்லை என்றால் அந்த மாடலுக்கான டிரைவர் இந்த விசையை அறியவில்லை. அதைச் சீர்செய்வது சுற்றுவழி. அதைவிட எளிது வேறு விசையை வைத்துக்கொள்வது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் ஷார்ட்கட்ஸ், சிஸ்டம், ஹார்டுவேர் என்று போனால் திரை வெளிச்சத்தைக் கூட்ட, குறைக்க என்று இரண்டு வரிகள் இருக்கும். அவற்றுக்கு விண்டோஸ் சின்னம் போட்ட விசையோடு மேல் அம்பு, கீழ் அம்பு என்று எதையாவது கொடுங்கள். ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருக்கும் விசை என்றால் மின்ட்டே சொல்லிவிடும்.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு படி தாவுகிறது என்றால் கர்னலும் டெஸ்க்டாப்பும் ஆளுக்கு ஒரு படி மாற்றுகின்றன. பூட் வரியில் 'வீடியோ டாட் பிரைட்னஸ் அண்டர்ஸ்கோர் ஸ்விட்ச் அண்டர்ஸ்கோர் எனேபிள்டு ஈக்குவல் 0' என்று சேர்த்தால் கர்னல் ஒதுங்கிக்கொள்ளும்.

மற்ற சில கோளாறுகள்

கூட்டினால் குறைகிறது, குறைத்தால் கூடுகிறது என்று தலைகீழாக நடந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பழைய இன்டெல் சிப் கொண்ட சில ஏசர் லேப்டாப்களில் இது உண்மையிலேயே உண்டு. ஏசர் ஆஸ்பயர் 5734இசட் என்ற மாடலுக்குக் கர்னலுக்குள்ளேயே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடல் அதில் இல்லாவிட்டால் 'ஐ915 டாட் இன்வெர்ட் அண்டர்ஸ்கோர் பிரைட்னஸ் ஈக்குவல் 1'.

ஓஎல்இடி திரை என்றால் கதை வேறு. விளக்கின் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய முறை அதில் கிடையாது. திரையிடமே ஒரு தனித் தடம் வழியாக அளவைச் சொல்ல வேண்டும். இன்டெல் லேப்டாப்பில் எண்கள் மாறியும் திரை மாறாவிட்டால் 'ஐ915 டாட் எனேபிள் அண்டர்ஸ்கோர் டிபிசிடி அண்டர்ஸ்கோர் பேக்லைட் ஈக்குவல் 1' போட்டுப் பாருங்கள், பிறகு 1-க்குப் பதில் 3. ஏஎம்டியில் அந்தத் தடத்தைத் தேர்ந்தெடுக்கும் சொல் 'ஏஎம்டிஜிபியு டாட் பேக்லைட்'. அதற்கு 0 கொடுத்தால் பழைய முறை, 1 கொடுத்தால் புதிய தடம்.

இன்டெல் அல்லது ஏஎம்டியோடு என்விடியாவும் உள்ள விளையாட்டு லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்கைத் திறந்து, கிராஃபிக்ஸ் 'டிஸ்கிரீட்' என்று இருந்தால் 'ஹைப்ரிட்' ஆக்கிப் பாருங்கள். ஹைப்ரிட்டில் உள்திரை பொதுவாக இன்டெல் அல்லது ஏஎம்டியோடு இணைந்திருக்கும். மேலே சொன்னதெல்லாம் அப்போது பொருந்தும். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

வெளிச்சம் தானாகக் குறைகிறது என்பது பல சமயம் கோளாறே அல்ல. பவர் மேனேஜ்மென்ட்டில் பிரைட்னஸ் பகுதியில், பேட்டரியில் சும்மா இருக்கும்போது மங்கலாக்கு என்பது இயங்கிக்கொண்டிருக்கும். ஏஎம்டி லேப்டாப்பில் சார்ஜர் கழற்றியதும் நிறமும் சேர்ந்து வெளிறினால் அது மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏற்பாடு. 'ஏஎம்டிஜிபியு டாட் ஏபிஎம்லெவல் ஈக்குவல் 0' அதை நிறுத்தும்.

வெளியே இணைத்த மானிட்டர் இந்த பேக்லைட் ஃபோல்டரில் வராது. அதற்கு 'டிடிசியூட்டில்' என்று வேறொரு கருவி இருக்கிறது, அது கேபிள் வழியாக மானிட்டரிடமே பேசும்.

'எக்ஸ்ரேண்டர்' கட்டளையில் பிரைட்னஸ் 0.5 என்று கொடுத்தால் போதும் என்று சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். திரையில் படம் கறுத்துத் தெரியும், பின்னால் விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதல், பேட்டரிக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சரியான பிறகு

ரீஸ்டார்ட் செய்யும்போது வெளிச்ச அளவை நினைவில் வைப்பது சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) வேலை. அணைக்கும்போது எண்ணை எழுதி வைத்து, பூட் ஆகும்போது திரும்பப் போடும். மிகவும் குறைவாக வைத்து அணைத்திருந்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏசிபிஐ பேக்லைட் சொல்லால்தான் உங்களுக்குச் சரியானது என்றால், கர்னல் உருவாக்குபவர்களுக்கு அது தேவையான தகவல். எந்த மாடலுக்கு நேட்டிவ், எந்த மாடலுக்கு வெண்டர் என்ற பட்டியல் கர்னலுக்குள் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் ஏறிவிட்டால் அடுத்து வரும் கர்னலில் யாரும் பூட் வரியைத் தொட வேண்டியதில்லை. பிழை அறிக்கையில் லேப்டாப்பின் முழு மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு, பேக்லைட் ஃபோல்டரில் இருந்த பெயர்கள், எந்தச் சொல் வேலை செய்தது என்பதெல்லாம் வேண்டும். மாடல் பெயரைக் கீழே ஒட்டிய ஸ்டிக்கரில் பார்த்து எழுதாமல், ஸ்லாஷ் சிஸ் ஸ்லாஷ் கிளாஸ் ஸ்லாஷ் டிஎம்ஐ ஸ்லாஷ் ஐடி என்ற ஃபோல்டரில் 'சிஸ் அண்டர்ஸ்கோர் வெண்டர்', 'ப்ராடக்ட் அண்டர்ஸ்கோர் நேம்' என்ற ஃபைல்களில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். கர்னல் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான். 'டிஎம்ஐடிகோட்' கட்டளையின் வெளியீட்டை முழுதாக இணைக்கச் சொன்னால், அதில் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் இருக்கும். அனுப்புவதற்கு முன் அந்த வரிகளை அழித்துவிடுங்கள்.